விழிப்புணர்வு என்னும் குற்றச்சாட்டு

எம்.எஸ்சி. நர்சிங் படிக்கும் பெண்கள் படிப்பை முடிக்க ஓர் ஆய்வேடு எழுதித் தர வேண்டும். அவர்கள் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் தலைப்புகளில் ஒன்று இப்படி இருக்கும்: இன்ன மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியரிடையே ஊசிக்குத்துக் காயம் குறித்த அறிவும் நடைமுறையும். ஊசிக்குத்து இருக்கும் இடத்தில் சில சமயம் கை கழுவுதல் இருக்கும், சில சமயம் மருத்துவக் கழிவு, சில சமயம் புற்றுநோய் மருந்துகளைக் கையாளுதல். நான் செவிலியர் இல்லை, தமிழாசிரியை. வினாத்தாளின் தமிழாக்கம் சரியாக இருக்கிறது என்று ஒரு தமிழாசிரியரிடம் கையெழுத்து வாங்கிப் பின்னிணைப்பில் சேர்ப்பது இந்த ஆய்வேடுகளின் வழக்கம். அந்த வழியாகத்தான் இவை என் மேசைக்கு வந்தன. கையெழுத்துக்காக வந்தவற்றைப் படிக்கத் தொடங்கி, பிறகு கேட்டு வாங்கியும் படித்தேன். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது. தனியொரு மாணவியின் ஆய்வேட்டை எடுத்துக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எல்லா ஆய்வேடுகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதால், அச்சைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

அச்சு இதுதான். முதலில் வயது, மதம், திருமண நிலை, கல்வித் தகுதி, பணி அனுபவம். அடுத்து இருபது முப்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், ஒன்றே சரி. பயன்படுத்திய ஊசியை என்ன செய்ய வேண்டும்? எந்த நிறப் பையில் எதைப் போட வேண்டும்? ஹெபடைடிஸ் பி தடுப்பூசி எத்தனை தவணை? மதிப்பெண்ணைக் கூட்டி, செவிலியரை மூன்று கூடைகளில் பிரிப்பார்கள்: போதிய அறிவு உள்ளவர், ஓரளவு உள்ளவர், போதாதவர். பிறகு ‘திட்டமிட்ட கற்பித்தல் நிகழ்ச்சி’ ஒன்று நடக்கும். ஒரு வாரம் கழித்து அதே வினாத்தாளைக் கொடுப்பார்கள். மதிப்பெண் ஏறியிருக்கும். ஏறாமல் எப்படி? விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டால் எந்த வகுப்பிலும் மதிப்பெண் ஏறத்தான் செய்யும்.

என்னை உறுத்தியது வேறு. இந்த ஆய்வேடுகளில் பலவற்றில் அறிவுக்கு ஓர் அட்டவணையும் நடைமுறைக்கு ஓர் அட்டவணையும் இருக்கும். அறிவு மேலே நிற்கும், நடைமுறை கீழே. அதாவது, ஊசிக்கு மறுபடி மூடி போடக்கூடாது என்று தெரிந்தவர்களே மூடி போடுகிறார்கள். கையுறை அணிய வேண்டும் என்று தெரிந்தவர்களே வெறுங்கையால் ஊசி ஏற்றுகிறார்கள். இது ஒரு கண்டுபிடிப்பு. தெரிந்த ஒருத்தி ஏன் செய்யவில்லை என்ற கேள்வி இங்கிருந்து பிறந்தாக வேண்டும். ஆனால் ஐந்தாம் அத்தியாயத்தைத் திருப்பினால் பரிந்துரை தயாராக இருக்கிறது: செவிலியருக்குத் தொடர் பணியிடைப் பயிற்சி தேவை. தெரிந்தும் செய்யாதவர்களுக்கு மருந்து, மேலும் தெரியவைப்பது. நோயைக் கண்டறிந்த பிறகு வேறு நோய்க்கு மருந்து எழுதுவது போன்றது இது.

மூடி போடும் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். புத்தகம் சொல்வது எளிது: ஊசி போட்டு முடித்ததும், மூடாமல், துளைக்காத வெள்ளைப் பெட்டியில் போட வேண்டும். இப்போது வார்டைப் பாருங்கள். ஊசி போட வேண்டிய கட்டில் இந்தக் கடைசியில். பெட்டியும் ஊசி வெட்டும் கருவியும் அந்தக் கடைசியில், செவிலியர் மேசையருகே. நடுவில் இருபது கட்டில்கள், கட்டில்களுக்கு இடையே பாய் விரித்துப் படுத்திருக்கும் துணையாட்கள், ஓடியாடும் குழந்தைகள், டிரிப் முடிந்துவிட்டது என்று கையைப் பிடித்து இழுக்கும் உறவினர்கள். ரத்தம் பட்ட திறந்த ஊசியோடு இந்தக் கூட்டத்தைக் கடந்து போகலாமா? போகக்கூடாது என்று நினைப்பவள்தான் மூடியைப் போடுகிறாள். அவள் மூடுவது பல சமயம் பிறர்மேல் படக்கூடாது என்பதற்காக. பிறரைக் காக்கும் அந்த நொடியில்தான் ஊசி தன் இடதுகைப் பெருவிரலில் ஏறுகிறது. நடைமுறை அட்டவணையில் இது ‘தவறான பழக்கம்’ என்று ஒரு கழித்தல் மதிப்பெண்ணாகப் பதிவாகிறது.

பெட்டி எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று கேட்ட வினாத்தாள் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. முக்கால் பாகம் நிரம்பியதும் பெட்டியை மாற்ற வேண்டும் என்பது விதி. அது தெரியுமா என்று கேட்கிறார்கள். மாற்றுப் பெட்டி ஸ்டோரில் இருக்கிறதா, அதற்கு இன்டென்ட் போட்டால் எத்தனை நாளில் வரும் என்று கேட்பதில்லை. கையுறை அணிவீர்களா என்று கேட்கிறார்கள். கையுறைப் பெட்டி யாருடைய பூட்டில் இருக்கிறது, ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை ஜோடி கணக்கு என்று கேட்பதில்லை. அளவைப் பற்றி மூச்சே இல்லை. சிறிய கை உள்ள பெண்ணுக்கு நடுத்தர அளவுக் கையுறை விரல் நுனியில் தொளதொளவென்று மடிந்து நிற்கும். அதோடு ஒரு கிழவியின் நலிந்த நரம்பைத் தொட்டுக் கண்டுபிடிக்க முடியாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகச் செவிலியரில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள். பெண்களே நிறைந்த ஒரு தொழிலில் கையுறை பெண் கைக்குப் பொருந்துகிறதா என்ற கேள்வி ‘விழிப்புணர்வு’க்குள் வரவில்லை.

ஆள் கணக்கும் அப்படித்தான். இந்தியச் செவிலியர் குழுமத்தின் அளவுகோல், கற்பித்தல் மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவர். இரவு வார்டில் ஒருநாள் படுத்து எழுந்தவர்கள் இந்தக் கணக்கைப் படித்துச் சிரிப்பார்கள். நாற்பது பேருக்கு ஒருத்தியாக நிற்பவள் ஒவ்வொரு ஊசிக்கும் கை கழுவி, கையுறை மாற்றி, பெட்டிவரை நடந்து திரும்பினால், ஆறு மணி மருந்து ஒன்பது மணிக்குத்தான் முடியும். மருந்து தாமதமானால் கேள்வி கேட்க ஆள் உண்டு. கையுறை போடாவிட்டால் கேட்க ஆளில்லை. அவள் எதைத் தேர்ந்துகொள்வாள் என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை.

தொழிற்பாதுகாப்பு என்ற துறையில் ஒரு பழைய படிநிலை இருக்கிறது. ஆபத்தையே அகற்றுவது முதற்படி. முடியாவிட்டால், ஆபத்துக் குறைந்த ஒன்றை அதன் இடத்தில் வைப்பது. அடுத்தது, கருவியை மாற்றியமைப்பது. அதற்கும் கீழே வேலை முறையை, ஆள் எண்ணிக்கையைச் சீராக்குவது, பயிற்சி தருவது. கடைசிப் படியில்தான் கையுறையும் முகக்கவசமும். ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் பொறியியல் மாணவர்கள் இதைத்தான் படிக்கிறார்கள். ‘ஜாக்கிரதையாக இரு’ என்று தொழிலாளியிடம் சொல்வதற்கு இந்த ஏணியில் கீழ்ப்படிகளைத் தவிர இடமில்லை. செவிலியர் ஆய்வேடுகள் கீழ்ப்படிகளிலேயே நின்றுவிடுகின்றன. ஏணியின் மேற்பாதி கண்ணில் படுவதே இல்லை. காரணம் எளிது. மேற்படிகள் நிர்வாகத்தின் பணப்பெட்டியில் இருக்கின்றன. ஆய்வு செய்யும் மாணவிக்கு அந்த மருத்துவமனையின் அனுமதிக் கடிதம் வேண்டும். செவிலியருக்கு என்ன தெரியும் என்று கேட்க அனுமதி கிடைக்கும். நிர்வாகம் என்ன வாங்கியது, என்ன வாங்கவில்லை என்று கேட்கப் போனால் கிடைக்குமா?

‘தெரிந்திருந்தால் தப்பித்திருப்பாள்’ என்ற நம்பிக்கைக்கு எதிராக நான் மாணவிகளிடம் சொல்லும் கதை கேரன் டேலியுடையது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் அவசரச் சிகிச்சைப் பிரிவுச் செவிலியர், இருபதாண்டுக்கு மேல் அனுபவம், மாசசூசெட்ஸ் மாநிலச் செவிலியர் சங்கத்தின் தலைவர். 1998இல் ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுத்துவிட்டு, கையுறை அணிந்த கையோடு, விதிப்படி ஊசியைச் சுவரில் மாட்டியிருந்த பெட்டியில் போடப் போனார். பெட்டிக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த வேறோர் ஊசி அவர் விரலில் ஏறியது. சில மாதங்களில் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி இரண்டும் அவர் உடலில் இருப்பது தெரிந்தது. நம் வினாத்தாளைக் கொடுத்திருந்தால் அவர் முழு மதிப்பெண் வாங்கியிருப்பார். அறிவும் இருந்தது, நடைமுறையும் இருந்தது. பெட்டியின் வடிவமைப்புத்தான் சரியில்லை.

அவர் செய்ததுதான் முக்கியம். தன் நோயை மறைக்காமல் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றக் குழுவின் முன்னும் சாட்சி சொன்னார். பிற செவிலியர்களும் தொழிற்சங்கங்களும் ஏற்கெனவே நடத்திவந்த போராட்டத்தோடு அது சேர்ந்துகொண்டது. 2000 நவம்பரில் அமெரிக்காவில் ஊசிக்குத்துத் தடுப்புச் சட்டம் கையெழுத்தானது. அந்தச் சட்டம் செவிலியருக்குப் பயிற்சி கொடு என்று சொல்லி முடித்துக்கொள்ளவில்லை. பயன்படுத்தியதும் தானே உள்ளிழுத்துக்கொள்ளும், அல்லது தானே மூடிக்கொள்ளும் பாதுகாப்பு ஊசிகளை முதலாளி பரிசீலித்து வாங்க வேண்டும் என்றது. எதை வாங்குவது என்று முடிவெடுக்கும்போது மேலாளர் அல்லாத, கையால் வேலை செய்யும் ஊழியர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றது. ஒவ்வொரு குத்தும் எந்தக் கருவியால் நேர்ந்தது என்று பதிவேடு வைக்கச் சொன்னது. கவனியுங்கள், எந்தக் கருவியால் என்று. எந்தச் செவிலியரின் கவனக்குறைவால் என்று கேட்கவில்லை. அந்தச் சட்டத்துக்குப் பின் அமெரிக்க மருத்துவமனைகளில் குத்துக்காயங்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்ததாக 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஐரோப்பிய ஒன்றியமும் 2010இல் இதையொத்த ஆணை ஒன்றைப் பிறப்பித்தது.

நம் ஊரிலும் பாதுகாப்பான சிரிஞ்சு வந்திருக்கிறதே என்று ஒரு மாணவி கேட்டாள். வந்திருக்கிறது. தடுப்பூசித் திட்டத்தில் ஒருமுறை போட்டதும் பூட்டிக்கொள்ளும் சிரிஞ்சு பயன்படுகிறது. ஆனால் அதன் உலக்கைதான் பூட்டிக்கொள்ளும், ஊசி முனை அப்படியே வெளியே நிற்கும். மறுபடி அதே சிரிஞ்சை இன்னொரு குழந்தைக்குப் போடாமல் அது தடுக்கிறது. நல்ல காரியம். ஆனால் போடுபவளின் விரலை அது காப்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனமே 2015இல் இவ்விரண்டையும் வேறு வேறாகப் பிரித்துச் சொன்னது: மறுபயன்பாட்டைத் தடுக்கும் சிரிஞ்சு ஒன்று, குத்துக்காயத்தைத் தடுக்கும் சிரிஞ்சு ஒன்று. முதலாவது நோயாளிக்கு, இரண்டாவது செவிலியருக்கு. நாம் முதலாவதோடு நின்றுவிட்டோம்.

இந்த இடத்தில் கையுறையின் வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1889 வாக்கில் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை அரங்குத் தலைமைச் செவிலியர் கரோலின் ஹாம்ப்டன். அக்காலத்தில் கிருமி நீக்கத்துக்குப் பாதரசக் குளோரைடு கரைசலில் கையை முக்குவார்கள். அது அவர் கைத்தோலைப் புண்ணாக்கியது. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்திடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறை செய்து தரவைத்தார். அடுத்த ஆண்டே இருவருக்கும் திருமணம். மருத்துவ வரலாற்று நூல்கள் இதை ஒரு காதல் கதையாகச் சொல்லிச் சிலாகிக்கும். காதலியின் கையைக் காக்கக் காதலன் தந்த பரிசு!

எனக்கு இது ஒரு தொழில்நோயின் கதையாகத்தான் தெரிகிறது. வேலையில் புழங்கிய ரசாயனம் ஒரு பெண் தொழிலாளியின் தோலை அரித்தது. அதற்குக் கருவி வழியாகத் தீர்வு கண்டார்கள், அவள் கை அளவுக்கே செய்து. நவீன மருத்துவமனைக் கையுறையின் தொடக்கம் செவிலியரின் தொழிற்பாதுகாப்பு. பிறகு மருத்துவர்களும் அதை அணியத் தொடங்கினர். நோயாளிக்குத் தொற்று குறைவதைக் கண்டதும் கையுறை நோயாளியின் பாதுகாப்புப் பொருளாக, அறுவை மருத்துவரின் அடையாளமாக மாறிவிட்டது. கரோலின் திருமணத்தோடு செவிலியர் பணியை விட்டார். நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் வார்டுச் செவிலியர் கையுறைக்கு இன்டென்ட் போட்டுக் காத்திருக்கிறார். அந்தப் புண்பட்ட கைகளைக் காதல் மூடிவிட்டதுபோல, இன்று செவிலியரின் கைகளைச் சேவை என்ற சொல் மூடிக்கொண்டிருக்கிறது.

சேவை, தியாகம், தேவதை. செவிலியர் பயிற்சிக் கல்லூரிகளில் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கும் விழா நடக்கிறது. நைட்டிங்கேல் உறுதிமொழி என்று அதற்குப் பெயர். அதை நைட்டிங்கேல் எழுதவில்லை. 1893இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் தலைமையிலான ஒரு குழு எழுதியது. தூய்மையான வாழ்க்கை, தொழிலில் விசுவாசம், மருத்துவருக்கு உதவி, ரகசியம் காத்தல் என்று அவள் தரும் வாக்குறுதிகள் அதில் இருக்கின்றன. அவளுக்கு யாரும் எதையும் வாக்களிப்பதில்லை. பதினெட்டு வயதுப் பெண்கள் கையில் மெழுகுவர்த்தியோடு அதைச் சொல்லும் புகைப்படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. அதே நாளில் மருத்துவமனை நிர்வாகமும் எழுந்து நின்று, உனக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை மூன்று தவணையும் வார்டுக்கு அனுப்புமுன் போட்டுவிடுவோம் என்று ஓர் உறுதிமொழி எடுக்கலாம். (நம் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016, கழிவைக் கையாளும் எல்லாப் பணியாளருக்கும் அந்தத் தடுப்பூசியையும் ஆண்டுக்கொரு உடற்பரிசோதனையையும் நிர்வாகத்தின் கடமையாகவே வைத்திருக்கின்றன. மாணவிகள் நிறப் பைகளை மனப்பாடம் செய்கிறார்கள், இந்தப் பகுதியை யாரும் கேள்வியாகக் கேட்பதில்லை.)

லினி புதுச்சேரியை எல்லோரும் அறிவோம். 2018 மே மாதம் கேரளத்தில் பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் இன்ன காய்ச்சல் என்று தெரியாத ஒரு நோயாளியைப் பராமரித்து, நிபாவால் இறந்தவர். தன் கணவருக்கு அவர் எழுதிய கடிதத்தை நாடே படித்து அழுதது. ‘வைரஸ்’ என்ற மலையாளப் படத்தில் அவரை ஒட்டிய பாத்திரத்தை ரீமா கல்லிங்கல் நடித்தார். அரசு குடும்பத்துக்கு உதவியது, பிள்ளைகளுக்குப் பணம் ஒதுக்கியது, கணவருக்கு வேலை தந்தது. இவற்றில் எதையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தப் பரவலில் நோய் பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியது. அப்படியென்றால் லினியின் மரணம் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி ஒரு தாலுகா மருத்துவமனையின் காய்ச்சல் வார்டில் முகக்கவசம் இருந்ததா, காற்றோட்டம் இருந்ததா, தனிமைப்படுத்த அறை இருந்ததா என்பது. கண்ணீர் அந்தக் கேள்வியைக் கேட்கவிடவில்லை. தியாகம் என்று சொல்லிவிட்டால் அது அவளாக விரும்பிக் கொடுத்தது என்று ஆகிவிடும். விரும்பிக் கொடுத்ததற்குக் கணக்குக் கேட்க மாட்டார்கள் அல்லவா?

டொராண்டோவில் 2003இல் சார்ஸ் பரவி, செவிலியர் இருவரும் மருத்துவர் ஒருவரும் இறந்தபோது வேறொன்று நடந்தது. நீதிபதி ஆர்ச்சி கேம்ப்பெல் தலைமையில் விசாரணை ஆணையம் அமைத்தார்கள். நோய் இன்னும் அடங்கவில்லை என்று செவிலியர் முன்கூட்டியே எச்சரித்ததையும், அதை யாரும் காதில் வாங்காததையும் அந்த அறிக்கை வெளிப்படையாகப் பதிவு செய்தது. ஆபத்து உறுதியாக நிரூபணம் ஆகும்வரை காத்திராமல் பாதுகாப்பைக் கொடு என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை மருத்துவமனைகளுக்கு விதிக்கச் சொன்னது. செவிலியரின் ‘விழிப்புணர்வு’ அங்கே குறையாகவே இல்லை, அவர்கள்தாம் முதலில் விழித்திருந்தவர்கள். அந்தச் சொல்லை எந்தப் பக்கம் திருப்பிக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

குத்திய பிறகு என்ன நடக்கிறது? உலகெங்கும் மூன்றரைக் கோடி சுகாதாரப் பணியாளர்களில் ஆண்டுக்குச் சுமார் முப்பது லட்சம் பேருக்குக் கூர்முனைக் காயம் நேர்வதாக 2002இல் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. ஒரு குத்தினால் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று. ஹெபடைடிஸ் பி, தடுப்பூசி போடாதவருக்கு, நூற்றில் முப்பதுவரை போகலாம். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். இவ்வளவும் வினாத்தாளில் இருக்கும். சரி, ஏன் பலர் சொல்வதே இல்லை?

சொன்னால் முதலில் வருவது திட்டு. ‘பார்த்துப் போடக் கூடாதாம்மா?’ என்ற அந்த ஒரு வாக்கியத்தில் காயம் குற்றமாக மாறிவிடுகிறது. பிறகு ரத்தப் பரிசோதனை. எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்டாள் என்ற செய்தி வார்டிலிருந்து விடுதிக்கும், விடுதியிலிருந்து ஊருக்கும் போகும். திருமணமாகாதவள் என்றால் அந்தப் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். திருமணமானவள் என்றால், 28 நாள் குமட்டலோடு ஒரு மாத்திரையை ஏன் விழுங்குகிறாள் என்று வீட்டில் பதில் சொல்ல வேண்டும். முடிவு வரும்வரை ஆணுறை வேண்டும் என்று கணவனிடம் கேட்க வேண்டும். பெண்ணின் உடலைச் சந்தேகத்தோடு பார்க்கும் ஒரு சமூகத்தில் ஊசிக்குத்து வெறும் மருத்துவ நிகழ்வாக முடிவதில்லை. எந்த வினாத்தாளும் அவள் வீட்டுக்குள் வரவில்லை. ‘திருமண நிலை’ என்று முதல் பக்கத்தில் ஒரு டிக் வாங்கிக்கொண்டு நின்றுவிடுகிறது.

சொல்லாமல் விடுவதன் விலை சட்டத்தில் தெரியும். 2025வரை நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தொழில்நோய்களின் பட்டியலாக இருந்தது. அதன் முதல் வரியிலேயே தொற்றுநோய்கள் இருந்தன, சுகாதாரப் பணியையும் ஆய்வகப் பணியையும் பெயர் சொல்லி. ஆனால் குத்திய அன்றே பதிவு செய்து, அன்று ரத்தத்தில் கிருமி இல்லை என்று காட்டியிருந்தால்தான் பிறகு வந்த நோய் வேலையால் வந்தது என்று வாதாட முடியும். அன்றைக்கு வாயை மூடிக்கொண்டவளுக்குப் பின்னால் கையில் ஒன்றும் இருக்காது. ஒப்பந்தச் செவிலியருக்கு வாயைத் திறப்பது இன்னும் கடினம். தமிழ்நாட்டில் 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக, மாதம் ரூ. 7,700 தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட செவிலியர், பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்ததை நாம் பார்த்தோம். கொரோனா காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்டுக் கைதட்டு வாங்கிய ஒப்பந்தச் செவிலியரின் பணிக்காலம் 2022 டிசம்பரோடு முடித்துவைக்கப்பட்டது. அந்தப் போராட்டங்களைச் சம்பளப் பிரச்சினை என்று எழுதினார்கள். அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவள் காயப் பதிவேட்டில் தன் பெயரை எழுதுவாளா என்று பார்த்தால், அவை தொழிற்பாதுகாப்புப் போராட்டங்களும்தான்.

ஊசியைத் தாண்டினால் இந்த ஆய்வேடுகள் இன்னும் மெலிந்துவிடுகின்றன. முதுகுவலி, இரவு வேலை, கர்ப்பம் பற்றி அதிகம் இல்லை. புற்றுநோய் மருந்துகளைக் கலந்து ஏற்றும் செவிலியரிடையே கருச்சிதைவு கூடுதலாக இருப்பதாக 1985லேயே பின்லாந்திலிருந்து ஓர் ஆய்வு வந்துவிட்டது. கர்ப்பிணி எனத் தெரிந்ததும் அந்த வார்டிலிருந்து மாற்றுகிறார்களா என்பதைவிட, அந்த மருந்து எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குத் தெரியுமா என்பதே இங்கும் கேள்வி. வன்முறையோ பட்டியலிலேயே இல்லை. 1973 நவம்பரில் மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் அருணா ஷான்பாக் பணி முடிந்து அடித்தளத்தில் உடை மாற்றும்போது தாக்கப்பட்டார். உடை மாற்ற ஒரு பத்திரமான அறை இல்லாதது அந்தக் கதையின் முதல் வரி. நாற்பத்தோரு ஆண்டுகள் அவர் அங்கேயே படுத்துக் கிடந்தார், அவருக்குப் பின் வந்த செவிலியர் தலைமுறைகள் அவரைப் பராமரித்தன. தாக்கியவனுக்குக் கொலை முயற்சிக்கும் திருட்டுக்கும் ஏழாண்டுத் தண்டனை, பாலியல் தாக்குதலுக்கு வழக்கே இல்லை. 2011இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபோது நாடு கருணைக்கொலையைப் பற்றிப் பேசியது. ஒரு பணியிடத்தின் பாதுகாப்புக் கேள்வி, ஒரு பெண் சாகலாமா கூடாதா என்ற தத்துவக் கேள்வியாக மாறிப்போனது.

இன்னொரு விஷயம், எனக்கு நேராகத் தெரிந்தது. செவிலியருக்கான வினாத்தாள் ஆங்கிலத்தில் இருக்கும், தமிழாக்கச் சான்று வேண்டாம். துப்புரவுப் பணியாளருக்கான ஆய்வு என்றால்தான் தமிழ் வேண்டும், நானும் வேண்டும். வார்டில் தவறான பையில் விழுந்த ஊசி கடைசியில் யார் கையில் ஏறுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கை பெரும்பாலும் தலித் பெண்ணின் கை. அவளுக்குத் தடுப்பூசியும் ஒப்பந்தக்காரர் மனசு, தடித்த கையுறையும் அவர் மனசு. செவிலியரின் ஆய்வில் அவள் இல்லை, அவளுடைய ஆய்வில் செவிலியர் இல்லை. ஒரே ஊசி இரண்டு கைகளைக் கடந்து போகிறது. இரண்டு கைகளையும் ஒரே பக்கத்தில் எழுதிய ஆய்வேடு ஒன்று வந்தால் முதல் ஆளாகப் படிப்பேன்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த ஆய்வேடுகளைத் தூக்கிப் போடச் சொல்கிறேனா என்றால், இல்லை. மூன்று தவணைத் தடுப்பூசியும் முடித்தவர் எத்தனை பேர் என்ற ஒரு கேள்வி இவற்றில் இருக்கும். அதற்கு வரும் பதில் நிர்வாகத்தின் முகத்தில் அடிக்கக்கூடியது. அந்த எண்ணை ‘அறிவு’ அட்டவணையிலிருந்து எடுத்து, ‘முதலாளியின் நடைமுறை’ என்று ஒரு புது அட்டவணையில் வைத்தால் போதும், ஆய்வேட்டின் முகமே மாறிவிடும். சென்ற மாதம் வந்த ஒரு மாணவியிடம் இதைச் சொன்னேன். வழிகாட்டி ஒப்புக்கொள்ள மாட்டார் மேடம் என்றாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நடைமுறைப் பகுதியில் சில கேள்விகளை மட்டும் சேர்த்துப் பார்க்கிறேன் என்று பென்சில் எடுத்தாள். நாங்கள் இருவரும் உட்கார்ந்து எழுதியவை இவை: உங்கள் வார்டில் கடைசிக் கட்டிலிலிருந்து ஊசிப்பெட்டி எத்தனை அடி? சென்ற வாரம் எத்தனை நாள் அது நிரம்பி வழிந்தது? உங்கள் கையளவுக்குக் கையுறை இருக்கிறதா? நேற்றிரவு உங்கள் பொறுப்பில் எத்தனை பேர்? குத்தினால் யாரிடம் சொல்ல வேண்டும், அவர் இரவில் இருப்பாரா? சொன்னவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா, அவருக்கு என்ன ஆயிற்று?